நர்சிங் மாணவர் சொந்தமாக வாங்க வேண்டிய கருவி எது, வாங்கக் கூடாதது எது?

பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம். முதலாண்டில் சேர்ந்து, கிளினிக்கல் போஸ்டிங் (மருத்துவமனை வார்டில் பயிற்சி) தேதி தெரிந்ததும் வீட்டில் ஒரு கேள்வி வரும். ஸ்டெத் மட்டும் வாங்கினால் போதுமா? பி.பி. ஆப்பரேட்டஸ், பல்ஸ் ஆக்சிமீட்டர், குளுக்கோமீட்டர் எல்லாம் சேர்த்தே வாங்கிவிடலாமா? சீனியர் ஒன்று சொல்வார், கடைக்காரர் வேறொன்று சொல்வார். ஆன்லைனில் 'நர்சிங் கிட்' என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு விற்கிறார்கள். கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல், யூனிஃபார்ம் என்று ஏற்கெனவே கடன் வாங்கியிருக்கும் குடும்பத்துக்கு இன்னும் ஐந்தாயிரம், ஏழாயிரம் என்பது சின்னத் தொகை இல்லை.

உங்கள் காதையும் விரலையும் கண்ணையும் பழக்குகிற கருவியைச் சொந்தமாக வாங்குங்கள். தானே கணக்குப் போட்டு எண்ணைக் காட்டுகிற கருவியை நோயாளிக்குப் பயன்படுத்த என்று வாங்காதீர்கள். அது வார்டில் இருக்க வேண்டிய பொருள். ஏன் இந்தப் பிரிவு, எந்தக் கருவி எந்தப் பக்கம் என்பதைக் கீழே பார்க்கலாம்.

அடிப்படை: வைட்டல்ஸ் என்பது என்ன?

உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, ரத்த அழுத்தம் ஆகிய நான்கும் பழைய கணக்கு. இப்போது ஐந்தாவதாக ஆக்சிஜன் சாச்சுரேஷனையும் (ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கும் சதவீதம்) சேர்த்துப் பார்க்கிறோம். வலியை அளப்பதும் பல மருத்துவமனைகளில் சேர்ந்துவிட்டது.

இவற்றில் நாடிக்கும் மூச்சுக்கும் தேவைப்படும் ஒரே கருவி விநாடி முள் உள்ள கைக்கடிகாரம். வார்டில் மிக அலட்சியமாக எடுக்கப்படுவதும் மூச்சு எண்ணிக்கைதான். முழு 60 விநாடி நெஞ்சைப் பார்த்து எண்ணாமல், முந்தின டூட்டியில் எழுதியிருந்த 20-ஐ அப்படியே எழுதும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. நோயாளியின் நிலை சரியத் தொடங்குவதை முதலில் காட்டுவது பெரும்பாலும் இந்த எண்தான். பிரிட்டனில் பயன்படும் நியூஸ்-2 எச்சரிக்கை மதிப்பெண்ணில் மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் என்றால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண், அதாவது ஒரு அளவுக்குத் தரக்கூடிய உச்சம். இதற்கென்று கடையில் வாங்க ஒரு கருவியும் இல்லை.

சார்ட்டில் ஏறும் எண்ணுக்கு யார் பொறுப்பு?

டி.பி.ஆர். (வெப்பம், நாடி, மூச்சு) சார்ட்டில் எழுதும் எண் அங்கேயே நின்றுவிடுவதில்லை. 170/110 என்று எழுதினால் டாக்டர் மருந்து எழுதுவார். சர்க்கரை 320 என்றால் இன்சுலின் டோஸ் மாறும். சாச்சுரேஷன் 88 என்றால் ஆக்சிஜன் ஏறும்.

மருத்துவமனைக் கருவிக்கு ஒரு பதிவெண் உண்டு. பயோமெடிக்கல் பிரிவு குறிப்பிட்ட இடைவெளியில் அதைச் சோதித்து, கடைசியாக அளவு சரிபார்த்த தேதியையும் அடுத்த தேதியையும் ஸ்டிக்கராக ஒட்டும். எண் தவறாக வந்தால் எந்தக் கருவி, எப்போது சோதித்தது என்று திரும்பிப் பார்க்க வழியிருக்கிறது. மாணவரின் பையிலிருந்து வந்த கருவிக்கு அந்த வழி இல்லை. மாணவர் பதிவு பெற்ற செவிலியரும் அல்ல. ஒருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்கிறார். சொந்தக் கருவியின் அளவை வைத்து மருந்து மாறி ஏதாவது ஆகிவிட்டால் மாணவரும், மேற்பார்வை சிஸ்டரும், கல்லூரியும் ஒரே சிக்கலில் நிற்பார்கள்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு: "வார்டில் முப்பது பேருக்கு ஒரு ஆப்பரேட்டஸ்தான் இருக்கிறது, அதிலும் காற்றடிக்கும் ரப்பர் பல்பு கசிகிறது. என்னுடையதை எடுத்தால் என்ன?" குறை உண்மைதான். ஆனால் மாணவர் தன் பணத்தில் அதை மூடிக்கொண்டே போனால், வார்டின் இன்டென்ட் (பொருள் கேட்டு எழுதும்) புத்தகத்தில் அந்தக் குறை ஏறவே ஏறாது. கல்லூரிகள் கருவி வாங்கும் செலவை மாணவர் தலையில் கட்டுவதும் இதே வழியில்தான் நடக்கிறது.

ஸ்டெத்: தயங்காமல் வாங்கலாம்

காதில் போடும் பொருள் என்பதால் இது தனித்தனியாக இருப்பதே சுத்தம். இந்தியத் தயாரிப்பில் நல்ல இரட்டை முக ஸ்டெத் சில நூறு ரூபாயிலிருந்து 1,500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பி.பி. பார்க்கவும், மூச்சொலி, குடலொலி கேட்கவும் இது போதும். பல ஆயிரம் ரூபாய் பிராண்டை முதலாண்டிலேயே வாங்க வேண்டியதில்லை. வார்டில் ஸ்டெத் தொலைந்துபோவது அன்றாடம் நடப்பது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. காதுமுனை மென்மையான ரப்பராக இருக்க வேண்டும், இறுக்கமாக அடைக்க வேண்டும். போடும்போது முனைகள் முன்பக்கம், மூக்கை நோக்கிச் சாய வேண்டும். திருப்பிப் போட்டால் ஒலி பாதியாகிவிடும். புது மாணவர்கள் "எனக்குக் கேட்கவே இல்லை" என்று சொல்வதற்கு முதல் காரணம் இது.
2. ஸ்டெத்தின் தலைப்பகுதியைத் திருப்பினால் 'டயஃப்ரம்' (தட்டையான சவ்வு) பக்கமும் 'பெல்' (கிண்ணம் போன்ற) பக்கமும் மாற வேண்டும். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் மெல்லத் தட்டித் தெரிந்துகொள்ளுங்கள்.
3. குழாய் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய குழாய் வெளிச்சத்தத்தை உள்ளே விடும்.

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு நோயாளியைப் பரிசோதித்த பிறகு டயஃப்ரத்தில் இருந்த கிருமிகள், விரல்நுனி தவிர்த்து டாக்டரின் கையின் மற்றப் பகுதிகளில் இருந்ததைவிட அதிகமாக இருந்தன. கையைக் கழுவிவிட்டு ஸ்டெத்தை விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் டயஃப்ரத்தையும் விளிம்பையும் துடைத்து, காயவிட்டு, அடுத்தவரிடம் போங்கள். ஆல்கஹாலில் முக்கி எடுக்க வேண்டாம்.

பி.பி. ஆப்பரேட்டஸ்: பழகுவதற்கு மட்டும்

இங்கேதான் குழப்பம் அதிகம். மூன்று வகை இருக்கிறது.

பாதரசம்: துல்லியமானது, ஆனால் உடைந்தால் நச்சு. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை, பாதரச வெப்பமானி, பி.பி. கருவிகளின் உற்பத்தியையும் இறக்குமதியையும் நிறுத்த 2020-ஐக் கெடுவாக வைத்தது. இந்தியா 2018-ல் அதில் இணைந்தது. ஹாஸ்டல் அறைக்கு இது வேண்டவே வேண்டாம்.

டிஜிட்டல்: கஃப்பில் (கையில் சுற்றும் காற்றுப்பட்டை) ஏற்படும் அதிர்வை அளந்து, உள்ளிருக்கும் கணக்கு முறையில் எண்ணைத் தருகிறது. நாடி ஒழுங்கற்று அடித்தால், நோயாளி நடுங்கினால், ஷாக்கில் (உடலின் ரத்தவோட்டம் சரிந்த நிலை) அழுத்தம் தாழ்ந்துபோனால் தடுமாறும். இதில் பழகிய மாணவருக்குக் காது பழகாது.

அனராய்டு: முள் கடிகாரம் போன்றது. 1905-ல் ரஷ்ய மருத்துவர் கொரட்காஃப் விவரித்த அதே ஒலிகளைக் காதால் கேட்டுத்தான் எண்ணைச் சொல்ல வேண்டும். முதல் தட்டொலி வருமிடம் சிஸ்டாலிக் (மேல் எண்), ஒலி முற்றாக மறையுமிடம் டயஸ்டாலிக் (கீழ் எண்). பழகுவதற்கு ஏற்றது இதுதான். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலே போதும்.

கடையிலேயே செய்துபார்க்க வேண்டிய சோதனைகள்:

1. காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சரியாகப் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். சில டயல்களில் பூஜ்யத்துக்குக் கீழே முள்ளைத் தடுக்கும் ஒரு சிறு கம்பி இருக்கும். உள்ளே ஸ்பிரிங் விலகியிருந்தாலும் முள் அதில் சாய்ந்துகொண்டு பூஜ்யம் காட்டும். தடுப்பில்லாத டயல் நல்லது. பிழை இருந்தால் கண்ணில் பட்டுவிடும்.
2. கஃப்பை ஒரு கெட்டியான பாட்டிலில் சுற்றி 200-க்கு மேல் ஏற்றி, வால்வை மூடி, ஒரு நிமிடம் பாருங்கள். 4 மி.மீ.க்கு மேல் இறங்கினால் எங்கோ கசிவு: குழாய் சேருமிடம், பல்பு அல்லது வால்வு.
3. வால்வை மெல்லத் திறந்தால் விநாடிக்கு 2 மி.மீ. என்ற வேகத்தில் இறக்க முடிய வேண்டும். திறந்ததும் 'புஸ்' என்று 20 மி.மீ. விழுகிற வால்வில் பழகினால் சிஸ்டாலிக் குறைவாகவும் டயஸ்டாலிக் கூடுதலாகவும் கேட்கும்.
4. கஃப் துடைக்கக்கூடிய நைலானாக இருக்கட்டும். துணிக் கஃப் வியர்வையையும் ரத்தத்தையும் குடித்துக்கொள்ளும்.

கீழே விழுந்த அனராய்டை மறுபடி சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. உள்ளே மெல்லிய உலோக மடிப்பும் பல்சக்கரமும்தான் இருக்கின்றன. தரையில் ஒரு தடவை விழுந்தாலே விலகும். விழாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வார்டின் சரிபார்த்த கருவியோடு 'டி' வடிவ இணைப்பில் சேர்த்து 50, 100, 150, 200 ஆகிய நிலைகளில் ஒப்பிடச் சொல்லுங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

கஃப் அளவு பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை. உள்ளே இருக்கும் காற்றுப்பையின் நீளம் மேல்கைச் சுற்றளவில் 80 சதவீதமும் அகலம் 40 சதவீதமும் இருக்க வேண்டும். சுற்றளவு 27 முதல் 34 செ.மீ. வரை என்றால் வழக்கமான 'அடல்ட்' கஃப், 22 முதல் 26 வரை சிறிய கஃப், 35 முதல் 44 வரை பெரிய கஃப். கிட்டில் வருவது ஒரே ஒரு அடல்ட் கஃப். பருத்த கைக்குச் சிறிய கஃப் போட்டால் அழுத்தம் பொய்யாகக் கூடும், மெலிந்த கைக்குப் பெரிய கஃப் போட்டால் பொய்யாகக் குறையும்.

பிரசவ வார்டில் இது எப்படி முடியும் என்று பாருங்கள். மெலிந்த ஒரு கர்ப்பிணி, மேல்கை 22 செ.மீ. உண்மையான அழுத்தம் 142/92. கிட்டில் வந்த கஃப்பைச் சுற்றி எடுத்தால் 134/86 என்று வரலாம். 140/90 என்ற எல்லைக்குக் கீழே இருப்பதால் 'நார்மல்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். கர்ப்பகால ரத்த அழுத்த நோயா என்று அறிய அவருக்குச் சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்ல யாரும் இல்லை. வார்டு கருவி பழையதாக இருந்தாலும், பொருத்தமான கஃப் எங்கே என்று இன்சார்ஜிடம் கேட்க முடியும். கையில் சொந்தக் கருவி இருப்பவர் பெரும்பாலும் கேட்பதில்லை.

எடுக்கும் முறையிலும் பிழை புகும். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, முதுகு சாய்ந்து, கால்மேல் கால் போடாமல், கை இதய மட்டத்தில் தாங்கியிருக்க வேண்டும். கை 10 செ.மீ. தாழ்ந்தால் மட்டுமே 7, 8 மி.மீ. கூடுதலாகக் காட்டும். முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றேற்றி, நாடி மறையும் இடத்துக்கு மேல் 30 மி.மீ. ஏற்றிய பிறகே ஸ்டெத்தை வைத்து இறக்க வேண்டும். இந்தப் படியை விட்டால், சிலருக்கு நடுவில் ஒலி மறைந்து மீண்டும் வரும் இடைவெளியில் மாட்டி, 180 இருப்பவருக்கு 140 என்று எழுதிவிடுவோம்.

பல்ஸ் ஆக்சிமீட்டர்: மிகவும் ஏமாற்றக்கூடியது

விரலின் ஒரு பக்கத்திலிருந்து 660 நானோமீட்டர் சிவப்பொளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பொளியும் போகின்றன. ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபின் ஒன்றையும், ஏந்தாதது மற்றொன்றையும் அதிகமாக உறிஞ்சும். துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி ரத்தத்தின் கணக்கு கிடைக்கும். 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்ட வழி இது.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்துவிட்டதால் இது எளிய கருவி என்ற எண்ணம் பரவிவிட்டது. எங்கெல்லாம் தவறும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்:

1. விரல் குளிர்ந்திருந்தால், ஷாக்கில் ரத்தவோட்டம் குறைந்திருந்தால் துடிப்பே கிடைக்காது. மலிவான கருவி அப்போதும் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும்.
2. நகப்பூச்சு, கருப்பு மருதாணி, நடுக்கம், விரல்மேல் நேராக விழும் வெளிச்சம் ஆகியவை குழப்பும்.
3. பி.பி. கஃப் கட்டிய அதே கையில் மாட்டினால், காற்றேறும் ஒவ்வொரு முறையும் எண் விழும்.
4. புகையில் சிக்கி கார்பன் மோனாக்சைடு ஏறியவருக்கு ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் 98 காட்டும். ஆக்சிஜனை ஏந்த முடியாத மெத்ஹீமோகுளோபின் ஏறியவருக்கு எண் 85 பக்கமாகவே நிற்கும்.
5. கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி கண்டுபிடிக்காமல் விட்ட ஆக்சிஜன் குறைபாடு கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் இருந்தது. அங்குள்ள மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-ல் எச்சரிக்கை வெளியிட்டது. நம் நோயாளிகளின் தோல்நிறத்தை நினைத்தால் இது நமக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

வார்டு மானிட்டரில் எண்ணோடு அலையும் தெரியும். அலை நன்றாக எழுந்து, அதில் வரும் துடிப்பு எண்ணிக்கை கையால் எண்ணியதோடு ஒத்துப்போனால் எண்ணை நம்பலாம். மலிவான விரல் கருவியில் பெரும்பாலும் ஏறி இறங்கும் ஒரு பட்டைதான் இருக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மாணவருக்கு இன்னொரு இழப்பும் உண்டு. கருவி நாடி எண்ணிக்கையையும் சேர்த்தே காட்டுவதால் மணிக்கட்டைத் தொடுவதே நின்றுபோகிறது. இதயம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (ஒழுங்கற்றுத் துடிக்கும் நிலை) இருப்பவருக்குக் கருவி 84 என்று காட்டும். விரலை வைத்தால் துடிப்பு தாறுமாறாக, சில வலுவாக, சில மெலிதாக வருவது உடனே தெரியும். ஒருவர் இடது மார்பில் ஐந்தாவது விலா இடைவெளியில் ஸ்டெத் வைத்து, இன்னொருவர் மணிக்கட்டைப் பிடித்து, ஒரே நிமிடத்தில் எண்ணினால் மார்பில் 112, மணிக்கட்டில் 84. இந்த 28 துடிப்பு வித்தியாசத்துக்கு 'பல்ஸ் டெஃபிசிட்' என்று பெயர். எந்த விரல் கருவியும் இதைச் சொல்லாது.

வீட்டில் ஒன்று ஏற்கெனவே இருந்தால் பழக எடுத்துச் செல்லுங்கள். புதிதாக வாங்க வேண்டாம்.

குளுக்கோமீட்டர்: வேண்டாம்

இதற்கு மட்டும் விதிவிலக்கே இல்லை. ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் வேலை இது. ஒருவருக்குப் பயன்படுத்திய குத்தும் பேனாவை ஊசி மாற்றிவிட்டாலும் இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது. இப்படிப் பகிர்ந்ததால் ஹெபடைடிஸ் பி பரவியது பதிவாகியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் மீட்டரில் ஒட்டியிருந்தாலும் போதும். ஹாஸ்டலில் தோழிகள் ஒருவருக்கொருவர் குத்திப் பழகுவதும் இதே ஆபத்துதான். குத்திய அந்த லான்செட் ஊசியை ஹாஸ்டல் குப்பைத்தொட்டியில் போடவும் முடியாது. 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி கூரிய பொருள்கள் குத்தினாலும் கிழியாத வெள்ளைப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். கருவி வாங்க வைத்திருக்கும் பணத்தில் 0, 1, 6 மாதம் என்ற கணக்கில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸையும் முடித்துவிடுங்கள்.

அளவும் நம்பும்படி இராது. வீட்டு மீட்டர்களுக்கான 2013-ன் ஐ.எஸ்.ஓ. தரம், 100 மி.கி.க்கு மேல் 15 சதவீதம் வரை வித்தியாசத்தை ஏற்கிறது. உண்மையில் 200 இருந்தால் 170-ம் வரலாம், 230-ம் வரலாம். இரண்டும் 'சரி'. ஸ்ட்ரிப் டப்பா மூடி திறந்திருந்து ஈரம் ஏறினால், விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால், நோயாளிக்கு ரத்தசோகை கடுமையாக இருந்தால் பிழை இன்னும் பெரிதாகும். ரத்தசோகையில் சர்க்கரை பொய்யாகக் கூடிக் காட்டும் போக்கு உண்டு.

மற்றவை சுருக்கமாக

டிஜிட்டல் வெப்பமானி: ஹாஸ்டலில் தன் காய்ச்சலைப் பார்க்க ஒன்று வைத்துக்கொள்ளலாம். அக்குளில் எடுத்தால் வாயில் எடுப்பதைவிட ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் குறைவாக வரும். எங்கே எடுத்தது என்று சேர்த்து எழுதுங்கள்.

ஸ்மார்ட் வாட்ச், ஃபோன் செயலி: விரலைக் கேமராவில் வைத்தால் சாச்சுரேஷன் சொல்வதாகக் கூறும் செயலிகளை நோயாளியிடம் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

மல்டிபாரா மானிட்டர்: பல அளவுகளை ஒரே திரையில் காட்டும் இது கல்லூரியின் ஸ்கில் லேபில் இருக்க வேண்டியது. அதில் கற்க நிறைய இருக்கிறது. உதாரணமாக ஈ.சி.ஜி. வயர் நிறம்: ஒரு முறையில் வெள்ளை வலது கை, கறுப்பு இடது கை, சிவப்பு இடது கால். மற்றொரு முறையில் சிவப்புதான் வலது கை, மஞ்சள் இடது கை. நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் அடுத்த மருத்துவமனையில் தலைகீழாக ஒட்டிவிடுவார். வயரில் அச்சிட்ட எழுத்தைப் பார்த்து ஒட்டப் பழக வேண்டும்.

இரண்டு காதுத் தொகுதி உள்ள 'டீச்சிங்' ஸ்டெத்தும் லேபில் கேட்டு வாங்க வேண்டியதே. ட்யூட்டரும் மாணவரும் ஒரே ஒலியை ஒரே நேரத்தில் கேட்டால்தான், "எனக்கு 130, உங்களுக்கு 118" என்ற வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

விலையும் லேபிளும்

2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆகவே பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், உரிம எண் அல்லது பதிவெண், பேட்ச் எண், தயாரித்த தேதி இருக்க வேண்டும். இவை இல்லாத பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர், பி.பி. கருவி, குளுக்கோமீட்டர், டிஜிட்டல் வெப்பமானி, நெபுலைசர் ஆகிய ஐந்துக்கும் 2021 ஜூலையில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் வர்த்தக லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு வைத்தது.

வாங்கும் வரிசை இதுதான்: விநாடி முள் கடிகாரம், ஸ்டெத், பென்டார்ச். கையில் பணம் இருந்தால் நண்பர்களோடு சேர்ந்து அனராய்டு ஒன்று. கல்லூரி ஒரே கடையில் முழுக் கிட்டாக வாங்கக் கட்டாயப்படுத்தினால், பாடத்திட்டப்படி எந்தப் பொருள் மாணவருடையது, எது லேபுக்குரியது என்று எழுத்தில் கேளுங்கள்.

ஏற்கெனவே முழுக் கிட் வாங்கிவிட்டவர்கள் பி.பி. கருவியை ஹாஸ்டலில் வைத்து, கைச் சுற்றளவை டேப்பால் அளந்து, குறைந்தது முப்பது பேருக்கு எடுத்துப் பழகலாம். குத்தும் பேனாவையும் லான்செட்டையும் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆக்சிமீட்டரை ஒரு மாதம் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் உள்ளிருக்கும் தகடு அரித்துவிடும்.